நாக்கு நீட்டாத பொம்மை

கரூரிலிருந்து ஈரோடு போகும் சாலையில், ஊர் முடிந்து கோழிப்பண்ணைகள் தொடங்குவதற்கு முன், ஸ்ரீ குபேரா கார்டன் என்று சிமெண்ட் வளைவில் எழுதியிருக்கும் எங்கள் குடியிருப்பில், நலச்சங்கத் தலைவர் பொங்கியண்ணன் வீட்டு மொட்டைமாடியில் தொங்கிய திருஷ்டி பொம்மை ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில் தன் நாக்கை வளர்க்கத் தொடங்கியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை, அந்த நாக்கு மாடியிலிருந்து இறங்கி, ஜன்னல் சன்ஷேடைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரரின் கன்னத்தை ஒரு முறை நக்கிவிட்டு அப்படியே அந்தரத்தில் நின்றபோது, அவர் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சாயம் ஒட்டுமாங்க?" என்பதுதான்.

சாயம் ஒட்டவில்லை. மழையில் நனைந்த டயரின் வாசனை மட்டும் கன்னத்தில் மதியம்வரை இருந்தது. அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது பொங்கியண்ணன் வாங்கி நிறுத்தியிருந்த புதுக் காரை. அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது, ஆனால் அவருக்கு அதில் வெட்கம் ஏதும் இல்லை. வெட்கப்படத் தெரிந்தவர்கள் எங்கள் குடியிருப்பில் மனை வாங்குவதில்லை.

பொம்மையைச் செய்தவன் செங்கோடன். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரம் மடக்கிக்கொண்டிருந்தவன், எங்கள் பயங்களில் வசதிக்குறைவு இருப்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பட்டறைக்குப் போவதை நிறுத்தி, சட்டைக்கு மேல் கோட்டுப் போட ஆரம்பித்தான். ஒற்றைத் தும்மல் காரியத்தைக் கெடுக்கும், இரட்டைத் தும்மல் காரியத்தைக் கூட்டும் என்று நம்புகிற வீட்டில் ஒருவர் ஒரு தும்மலோடு நிறுத்திவிட்டால் பெண் பார்க்கக் கிளம்பியவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கு ஒரு துருத்தி செய்தான். கதவுக்குப் பின்னால் மாட்டி, கயிற்றை இழுத்தால், இரண்டாவது தும்மலை அது போடும். குறுக்கே போன பூனையைப் பிடித்து வந்த வழியே திருப்பி அனுப்புவது நடக்காத காரியம் என்பதால், சாவி கொடுத்தால் எதிர்ப்பக்கமாக ஓடி முந்தைய பூனையை ரத்துசெய்யும் தகரப் பூனை செய்தான். படியிறங்கும்போது "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிடுகிற பக்கத்து வீட்டு வாய்களுக்காக, அந்தக் கேள்வி காதில் விழுவதற்குள் ஹாரன் அடிக்கும் செருப்பு செய்தான். இவற்றை வாங்கியவர்கள் பொறியாளர்கள், வங்கி மேலாளர்கள், கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற ஒருவர். எல்லோரும் பணம் கொடுக்கும்போது ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "நம்பிக்கையெல்லாம் இல்லீங்க, சும்மா இருக்கட்டுமேன்னு." இந்த நாட்டில் கோயில் கட்டாத ஒரே பெரிய மதம் அந்தச் 'சும்மா இருக்கட்டுமே'தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. என் வீட்டிலும் ஒரு தகரப் பூனை இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைத் தவிர வேறு பதில் வரவில்லை.

மீசையும் கோரைப்பல்லும் தொங்கும் நாக்குமாக அவன் செய்த திருஷ்டி பொம்மை மட்டும் ஏன் இப்படி ஆனது என்று அவனுக்கே தெரியாது. பஸ் தரையில் ஒட்டும் ரப்பரில் நாக்கை வெட்டியதாகச் சொன்னான். தெரியாது என்பதை மறைக்க "அதுல ஒரு டெக்னிக் இருக்குங்க" என்றும் சொன்னான். எங்களுக்கும் காரணம் தேவைப்படவில்லை, விலைதான் தேவைப்பட்டது. ஒரே மாதத்தில் எல்லா மாடியிலும் பொம்மை ஏறியது. எவர் வீட்டைப் பார்த்து எவருக்கு வயிறெரிந்தாலும், அந்த வீட்டுப் பொம்மையின் நாக்கு எரிந்த வயிற்றுக்காரரைத் தேடிப் போய் நக்கியது, நக்கியபின் வளர்ந்த நீளத்திலேயே நின்றது.

முதலில் அது காவல் என்றுதான் இருந்தது. கண் வைத்தவர் யார் என்று தெரிந்தால் அவர் காலடி மண்ணெடுத்து மிளகாயோடு சுற்றிப் போட்டுவிடலாம். ஆனால் நாக்கு நீள நீள அதன் பொருள் மாறியது. நீண்ட நாக்குள்ள வீட்டின் மேல் ஊர்க்கண் இருக்கிறது, ஊர்க்கண் இருக்கிறதென்றால் பார்க்க ஏதோ இருக்கிறது, ஏதோ இருக்கிற வீட்டில்தானே பெண் எடுக்க வேண்டும், சீட்டுப் போட வேண்டும், தலைமை தாங்கக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு வளர்ந்து, நாக்கைத் தாங்கப் பித்தளைத் தாங்கிகள் வந்தன, வெள்ளிக்கிழமை நாக்குக்கு மஞ்சள் பூசும் பழக்கம் வந்தது, வெயில் காலத்தில் நாக்கு வெடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவ ஆள் வந்தது, அதுவரை கறிக்குழம்பு கொதிக்கும்போது ஜன்னலை மூடியவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து மின்விசிறியைத் தெருப்பக்கம் திருப்பினார்கள், நகையைப் பீரோவில் பூட்டியவர்கள் காய் வாங்கப் போகும்போதும் போட்டுக்கொண்டார்கள், கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் நாக்கைக் கேட்டார்கள்.

பிறகு, மொய் வைப்பதைப்போல, வீடு வீடாகப் போய்ப் பொறாமைப்பட்டுவிட்டு வரும் வழக்கம் தொடங்கியது. "போன மாசம் உங்க வீட்டுக்கு நாங்க குடும்பத்தோட வந்து வயிறெரிஞ்சோம்ல, நீங்க இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே இல்லீங்களே" என்று பெண்கள் பால் பூத்தில் குறைபட்டுக்கொண்டார்கள். வந்தவர்களும் சோபாவைத் தடவி, "ஐயோ, எங்களுக்கு இப்படி ஒண்ணு இல்லையே" என்று மனமார முயன்றார்கள். பொம்மைகள் ஏமாறவில்லை. பொறாமையை நடிக்க முடியாது என்பது தெரிந்ததும், இன்னும் பெரிதாக வாங்கினார்கள்.

நல்லசிவம் வீட்டுப் பொம்மை மட்டும் நாக்கை நீட்டவில்லை.

நல்லசிவம் மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்றவர். மனைவி போய்ச் சில வருடமாகிறது. குடியிருப்பின் கடைசித் தெருவில், விலை ஏறுவதற்கு முன் வாங்கிய மனையில், இரண்டு அறை வீடு. பொம்மை வேண்டாம் என்றவரைச் சங்கத் தீர்மானம் போட்டு மாட்ட வைத்தார்கள். மாட்டிய அன்று வெளியே தொங்கிய நாக்கும் ஒரு வாரத்தில் உள்ளே போய், உதடு மூடி, கோரைப்பல் மறைந்து, பால் குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளையின் முகமாகிவிட்டது. அந்த வீட்டைப் பார்த்து எரிய எவர் வயிற்றிலும் எதுவும் இல்லை.

"ஏனுங் நல்லசிவம், உங்க பொம்மைக்கு வாய்ப்புண்ணுங்களா?" என்று பொங்கியண்ணன் கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நல்லசிவமும் சிரித்தார்.

அவர் மகள் மிருதுளா அந்தச் சிரிப்பைத்தான் வெறுத்தாள். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் திரைச்சீலைகளுக்கும் கைத்துண்டுகளுக்கும் டிசைன் வரைகிறவள். அதே கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கும் பூபதியைத்தான் கட்டிக்கொள்வதென்று அவள் தீர்மானித்து வருடங்கள் ஆகியிருந்தன. சாதி பொருந்தியது, ஜாதகம் பொருந்தியது. பூபதியின் அம்மா மயிலாத்தா, கணவர் போனபின் மூன்று கோழிப்பண்ணைகளை ஒற்றை ஆளாக நடத்தி, பண்ணைக்குப் பக்கத்திலிருக்கும் தன் வீட்டிலும் செங்கோடன் பொம்மையைத் தொங்கவிட்டிருக்கிறவர், ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எங்க வீட்டு நாக்கு தெருமுக்குத் தாண்டிப் போகுது. சம்பந்தி வீட்டுல ஒரு முழமாச்சும் வேணுங். இல்லீன்னா ஊரு என்னைப் பாத்துச் சிரிக்கும். வந்து பாக்கறேன்."

வருவதற்கு இருந்தது ஒரு மாதம். அந்த மாதம் நல்லசிவம் செய்தவற்றைச் சொல்ல எனக்குக் கூசுகிறது, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்குக் கூசவில்லை. ஏ.சி. இயந்திரத்தின் காலிக் கூட்டைப் பழைய இரும்புக்கடையில் வாங்கி வெளிச்சுவரில் மாட்டினார். உறவினர் ஒருவரின் காரைக் கேட்டு வாங்கி வாசலில் நிறுத்தி, அது ஓடாத கார் என்று தெரியாமலிருக்க உறை போட்டார். மாலை நேரங்களில் கேட்டருகே நின்று, கனடாவில் இல்லாத ஒரு தம்பியோடு கைப்பேசியில் சத்தமாகப் பேசினார். பொம்மை தூங்கிக்கொண்டே இருந்தது.

"அப்பா, போதும்ப்பா. எனக்கே சிரிப்பா வருது."

"சிரி கண்ணு. கல்யாணம் ஆனப்புறம் சேர்ந்து சிரிக்கலாம்."

"நான் பூபதிகிட்டப் பேசறேன். அவன் அவங்கம்மாவைச் சமாளிச்சுக்குவான்."

"பேசுனியா?"

"பேசினேன். வர்ற அன்னிக்குப் பாத்துக்கலாங்கறான்."

நல்லசிவம் மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு போய்ச் செங்கோடனைப் பார்த்தார். கோட்டுப் போட்ட மேதை யோசிக்கக்கூட இல்லை, ஒரு முழ ரப்பரை வெட்டி, சிவப்படித்து, பசை தடவி, பொம்மையின் மூடிய உதட்டில் ஒட்டிவிட்டு, "கிட்டப் போயி மோந்து பாத்தாத்தானுங் தெரியும். சம்பந்தியம்மா என்ன பொம்மையவா மோந்து பாக்கப் போறாங்க?" என்றான்.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பே கடைசித் தெருவில் நின்றது. யாரும் அழைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் ஏதோ வேலை இருந்தது. நாய் இல்லாதவர்கள்கூட நாயை நடத்திக்கொண்டு வந்தவர்களைப்போல வந்தார்கள். பொங்கியண்ணன் சங்கத்தின் சார்பில் டேப்போடு நின்றார், ஏனென்றால் நாக்கை அளந்து சொல்வது தலைவரின் பொறுப்பு என்று விதி வந்திருந்தது. மயிலாத்தா காரிலிருந்து இறங்கினார், கழுத்து நிமிர்ந்த, சிரிக்காத மனுஷி, பட்டுக்கரை வேட்டி கட்டிய ஆம்பிளைகளை முறைத்தே ஒதுங்க வைக்கிறவர். பின்னால் பூபதி. மிருதுளா வாசற்படியில் மைசூர்பாகுத் தட்டோடு நின்றாள்; அவனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். அவன் அண்ணாந்து பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்குதுங்களே," என்றார் மயிலாத்தா. "முழம் தேறுமாட்ட இருக்குது. அளங்க."

பொங்கியண்ணன் நாற்காலி போட்டு ஏறி டேப்பை நீட்டினார். டேப்பின் தகர முனை உதட்டில் பட்டதும் பொம்மை கண்ணைத் திறந்தது. வாயைக் கோணியது. சோற்றில் கல் கடித்தவர் துப்புவதைப்போல, ஒட்டியிருந்த ரப்பரைத் துப்பியது. அது சுழன்றுகொண்டே வந்து மைசூர்பாகுத் தட்டில் விழுந்தது. பொம்மை மறுபடியும் வாயை மூடிக் கண்ணை மூடிக்கொண்டது.

தெரு முழுக்கச் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பணம் கட்டாமல் கிடைத்த சிரிப்பு அது, எல்லோரும் வயிறு நிறைய எடுத்துக்கொண்டார்கள்.

"ஏமாத்தோணும்னு பாத்தீங்களாக்கும்," என்றார் மயிலாத்தா, நல்லசிவத்திடம். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"தப்புத்தானுங்க. புள்ளைக்காகப் பண்ணிப்போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க." கம்பத்தின் உச்சியில் மின்னல் நாளில் நின்றவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "உங்க கால்ல வேணாலும்…"

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் மிருதுளா. தட்டைத் திண்டின் மேல் வைத்தாள். விரலில் ஒட்டிய நெய்யை, சின்னப்பிள்ளை பாவாடையில் துடைப்பதைப்போல, புடவையில் துடைத்தாள். பிறகு, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பூபதியிடம் நேராக வந்தாள்.

"நீ என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்றது மிருது? எல்லாரும் பாக்கறாங்க. அப்புறம் பேசலாம்."

"எல்லாரும் பாக்கறப்பத்தான் கேக்கறேன். நாக்கு இல்லாத வீட்டுல பொண்ணு எடுப்பியா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பொம்மையைப் பார்த்தான். டேப்பைப் பார்த்தான். நல்ல பையன்தான், எங்கள் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு நல்ல பையன் இருக்கிறான், நாங்களும் ஒரு காலத்தில் அப்படி நல்ல பையன்களாகத்தான் இருந்தோம். "இப்பவே முடிவு பண்ண வேணாம்," என்றான். "ஒரு ஆறு மாசம் பொறுப்போம். அதுக்குள்ள உங்கப்பா மேல ஒரு மாடி எடுத்துக் கட்டிட்டா, எங்கம்மா ஒண்ணும்…"

"வேண்டாம்," என்றாள் மிருதுளா.

"மாடி வேண்டாமா?"

"நீ வேண்டாம்."

சத்தமாகச் சொல்லவில்லை. குரல் நடுங்கியது, முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். மறுபடி ஒரு முறை, இந்தத் தடவை பூபதியின் அம்மாவைப் பார்த்து, "எனக்கு இவரு வேண்டாங்க. நீங்க போலாம்," என்றாள்.

அப்போது பொம்மை வாயைத் திறந்தது.

நாக்கு வந்தது. மெதுவாக, அவசரமில்லாமல், புற்றிலிருந்து பாம்பு வெளிவருவதைப்போல வந்தது. சுவரில் இறங்கி, காலி ஏ.சி. கூட்டைச் சுற்றிக்கொண்டு, உறை போட்ட காரின் மேல் ஊர்ந்து, நாற்காலியில் நின்ற பொங்கியண்ணனை ஒரு முறை மோந்துவிட்டு ஒதுக்கி, டேப்பைத் தள்ளிவிட்டு, ஜவுளிக்கடைக்காரரையும் இயற்பியல்காரரையும் என்னையும் தாண்டி, மயிலாத்தாவின் முன்னால் போய் நின்றது. அவர் பின்வாங்கவில்லை. நாக்கு அவருடைய வலது கன்னத்தை ஒரு முறை நக்கியது. பிறகு, வேறெந்த நாக்கும் அதுவரை செய்யாதபடி, இடது கன்னத்தையும்.

"அம்மா! வந்துருச்சு!" என்று பூபதி கத்தினான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "மிருது, வந்துருச்சு பாரு! முழமில்ல, முப்பது முழம் இருக்கும்! இனி ஒரு பிரச்சினையும் இல்ல!"

பொங்கியண்ணன் டேப்பைத் தேடினார். கூட்டம் முண்டியடித்தது. யார் கண் பட்டு நாக்கு வந்தது, எதன்மேல் பட்டது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எத்தனை முழம் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். குடியிருப்பின் வரலாற்றில் இவ்வளவு நீள நாக்கு வந்ததில்லை என்று அறிவிக்கப்பட்டது. யாரோ கைதட்டினார்கள். சற்று முன் சிரித்த அதே ஆட்கள்தான்.

மயிலாத்தா முந்தானையால் கன்னத்தைத் துடைக்கவில்லை. மிருதுளாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுடா," என்றார் மகனிடம்.

"அம்மா, நாக்குத்தான் வந்துருச்சே…"

"அந்தப் புள்ள வேண்டாங்குதல்ல? காது கேக்கலியா உனக்கு? வண்டிய எடு."

கார் போனது. மிருதுளா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுதாள். நாங்கள் அப்போது நாக்கை அளந்துகொண்டிருந்தோம்.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள், எங்களை இவ்வளவு நேரம் பார்த்துவிட்டீர்கள் அல்லவா. வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னால் நாக்கு வளரும் என்று குபேரா கார்டன் கண்டுபிடித்தது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த மகள்கள் விடுப்பெடுத்து வரவழைக்கப்பட்டார்கள். வெள்ளக்கோவிலிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் மாப்பிள்ளைகள் அழைக்கப்பட்டார்கள், வாசலில் நிறுத்தப்பட்டார்கள், தெரு பார்க்க நிராகரிக்கப்பட்டார்கள், காப்பி கொடுத்து அனுப்பப்பட்டார்கள். பொங்கியண்ணன் தன் மகளிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சியே கொடுத்தார்: "கொஞ்சம் நடுங்கோணும் அம்மிணி. நல்லசிவம் புள்ள நடுங்குச்சு." அந்தப் பெண் நடுங்கினாள், "நீ வேண்டாம்" என்றாள், பொம்மை கொட்டாவி விட்டது. பிறகு ஒருநாள் அந்தப் பெண் அப்பாவுக்குப் பிடித்திருந்த உண்மையான மாப்பிள்ளை ஒருவனையே உண்மையாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பொங்கியண்ணன் அவளைக் கன்னத்தில் அறைந்தார். நாக்கு வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அறைந்தார். செங்கோடன் நடுங்குவதற்கு உதவும் பெல்ட் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

மிருதுளா வேலைக்குப் போய் வந்தாள். கம்பெனியில் பூபதி வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். நல்லசிவம் காலிக் கூட்டைக் கழற்றி இரும்புக்கடையில் திருப்பிக் கொடுத்தார், காரையும் அனுப்பிவிட்டார். நாக்கைச் சுருட்டி மொட்டைமாடி மூலையில் வைத்திருந்தார், துணி காயப்போட இடைஞ்சலாக இருக்கிறதென்று.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம் அவள் கைப்பேசி அடித்தது. பூபதி.

"மிருது, வெச்சுராத. எனக்காகக் கூப்பிடல. அம்மா சரியா சாப்பிடறதில்ல. பண்ணைக்கும் போறதில்ல. உன்கூடப் பேசோணுமாம். பேசிட்டா சரியாயிடும்னு நினைக்கிறேன். நீ வந்து, தப்பா நினைக்காத, கோவத்துல சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை…"

"அவங்ககிட்டக் குடு."

கைப்பேசி கைமாறியது, பின்னால் ஆயிரம் கோழிகளின் சத்தம் கேட்டது.

"ஏங் கண்ணு," என்றார் மயிலாத்தா. "அன்னிக்கு வேண்டாம்னு சொன்னியே. சொல்றதுக்கு முன்னால பயமா இருந்துச்சா?"

"ரொம்பப் பயமா இருந்துச்சுங்க."

"ம்." மறுபடி கோழிகள். "எங்க வீட்டுக்கு அவரு பொண்ணு பாக்க வந்து உக்காந்தப்ப எனக்குப் பதினேழு. காப்பித் தட்டோட நின்னேன். வேண்டாம்னு சொல்லோணும்னு இருந்துச்சு, எனக்கும் அவ்வளவு பயமாத்தான் இருந்துச்சு."

மிருதுளா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் தட்டை நீட்டிட்டேன் கண்ணு," என்றார் மயிலாத்தா.